கறியை நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன வரும்?

கேட்டவர் திருப்பூர்க்காரர், வயது 41. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 148. வீட்டில் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்ளும் 68 வயது அம்மா. ஞாயிற்றுக்கிழமை மட்டன், வாரத்தில் இரண்டு நாள் கோழி, ஒரு நாள் மீன். 'குடும்பத்தோடு முழுச் சைவத்துக்கு மாறலாம் என்றிருக்கிறேன். உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது என்கிறார்கள். உண்மையா? புரதம் குறைந்துவிடாதா?' என்று கேட்டிருக்கிறார்.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கறியை விட்டால் என் சர்க்கரையும் கொழுப்பும் இறங்குமா? நான் ஒருவன் மாறுவதால் சூழலுக்கு ஏதாவது ஆகுமா? ஒரே சாப்பாடு ஐந்து பேருக்கும் பொருந்துமா? மூன்றாவதை அவர் நேராகக் கேட்கவில்லை. 'குடும்பத்தோடு' என்ற ஒரு சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உடம்பைப் பற்றிச் சொல்வது படித்ததிலும் பார்த்ததிலும் இருந்து வருவது. சூழல் பற்றிச் சொல்வது வெளியான ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தத் துறையில் நான் வேலை செய்தவன் இல்லை.

முதலில் சர்க்கரை. நம் ஊரில் சர்க்கரை ஏறுவதற்குப் பெரிய காரணம் ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லை, வாரம் முழுக்கச் சாப்பிடும் சோறும் இட்லியும் தோசையும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரை என்று அது சொன்னது. அந்த மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியை மட்டும் எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நீரிழிவுக்கான வாய்ப்பு குறைவாகத் தெரிந்தது. சிவப்பு இறைச்சியின் புரதத்தை வைத்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. இதுவரை சைவத்துக்கு ஆதரவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதில் மட்டும் பலன் தெரியவில்லை. மூன்று தோசைக்குப் பதில் மூன்று சப்பாத்தி என்று மாறிவிட்டு 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது ஒரு சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு. இதனால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல அது போதாது. தொடர்பு இருக்கிறது, திசை தெளிவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாமல் இருந்துவிட்டு ஐப்பசியில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்கியிருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வருவார்கள். பலருக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், கோழிக் குழம்பு இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவல், பிரியாணி இருந்த இடத்தில் குஸ்கா, சாயங்காலம் பஜ்ஜி, கோயிலில் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல். எல்லாமே சைவம்தான். இது ஆய்வு இல்லை, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்னது. ஐப்பசியில் தீபாவளி வேறு வந்துவிடுகிறது என்பதால் பழியை முழுதாகப் புரட்டாசி மேல் போடவும் முடியாது.

அடுத்து எல்டிஎல். இதில் கறியைக் குறைப்பதால் பலன் கிடைக்கும் என்று கொஞ்சம் தைரியமாகவே சொல்லலாம். ஆட்டுக்கறியில் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. அதைக் குறைத்து, கரையும் நார்ச்சத்து உள்ள பயறு, ஓட்ஸ், காய்கறியை ஏற்றினால் எல்டிஎல் இறங்கும் என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமும் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதியும் நிறைவுற்ற கொழுப்புதான். நெய்யும் வெண்ணெயும் பேக்கரி பப்ஸில் போடும் வனஸ்பதியும் சைவம்தான். மட்டனை விட்டுவிட்டு வாரம் நான்கு நாள் பனீர் பட்டர் மசாலா என்று போனால் 148 அங்கேயே நிற்கும், அல்லது ஏறும். எல்டிஎல் அதிகமாக இருப்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. அப்பா பக்கம் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் சாப்பாட்டை மாற்றுவதோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள்.

'சைவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்' என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், சைவர்களின் இறப்பு விகிதம் சுமார் 12 சதவீதம் குறைவாக இருந்தது, 2013இல் வெளியானது. அதே ஆய்வில் மீன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் கூடுதல் பலன் தெரிந்தது என்பதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பிரிட்டனில் நடந்த எபிக் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் சைவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதம் குறைவாகவும், பக்கவாதம் 20 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. பால்கூடச் சாப்பிடாதவர்களுக்கு எலும்பு முறிவு அதிகமாக இருந்தது. பக்கவாதம் ஏன் கூடியது என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடையாது; பி12 குறைவு காரணமாக இருக்கலாம் என்பது ஒரு யூகம். இந்த மக்கள் நம்மைப் போன்றவர்களும் இல்லை. அட்வென்டிஸ்டுகளில் பெரும்பாலோர் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. அங்கே சைவத்துக்கு மாறுபவர் பெரும்பாலும் உடம்பைப் பற்றி யோசித்து மாறுபவர். இங்கே சைவம் என்பது பிறப்போடும் சாதியோடும் வருவது. அதனால் அந்த எண்களைத் தூக்கித் திருப்பூரில் வைப்பது சரியாக இருக்காது. இந்தியாவில் பிறந்ததிலிருந்து சைவமாகவே இருக்கும் குடும்பங்களிலும் சர்க்கரையும் மாரடைப்பும் சர்வசாதாரணம்.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று, பதப்படுத்திய இறைச்சி. சாசேஜ், சலாமி, பேக்கன் வகைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. இது ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பின் மேல் 18 சதவீதம். நூற்றில் 18 பேருக்கு வரும் என்று பொருள் இல்லை. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை 'அநேகமாக உண்டாக்கலாம்' என்ற இரண்டாம் நிலையில் வைத்தது. பதப்படுத்தாத கோழியும் மீனும் இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் சாசேஜ் கொடுக்கும் பழக்கம் இருந்தால், மற்ற எதை யோசிப்பதற்கும் முன்னால் அதை நிறுத்துங்கள்.

கூடவே ஒரு வதந்தி. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று என்னிடம் கேட்காத தாய்மார் குறைவு. பிராய்லர் வேகமாக வளர்வது தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும்தான். ஒவ்வொரு கோழிக்கும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல்தான் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது கோழி சாப்பிடாதவரையும் பாதிக்கும்.

இப்போது புரதம். உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐசிஎம்ஆரின் தேசிய உணவூட்ட நிறுவனம் 2020இல் சொன்ன அளவு கிலோவுக்கு 0.83 கிராம்; அப்படியானால் நாளுக்குச் சுமார் 58 கிராம். வழக்கமான சைவச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி. மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். சாயங்காலம் டீ. இரவு மூன்று தோசை. கூட்டிப் பார்த்தால் 40 கிராம் சுற்றுவட்டாரத்தில்தான் வரும். சாம்பாரில் நிறையப் பருப்பு இருப்பதாக நாம் நினைக்கிறோம். ஒரு கரண்டி சாம்பாரில் புளியும் தண்ணீரும் காயும் போக இருக்கும் பருப்பு 15, 20 கிராம். அதில் புரதம் 3, 4 கிராம்தான் வரும். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு தருகிறார்கள். நான்கு பேர் வீட்டில் அதை மட்டும் நம்பினால் ஆளுக்கு நாளுக்கு 8 கிராம் பருப்பு, 2 கிராமுக்கும் குறைவான புரதம். சைவத்தில் புரதம் இல்லை என்பது தவறு. நாம் சமைக்கும் சைவத்தில் போதுமான அளவு இல்லை என்பதே நிலைமை.

குறையை அடைப்பது கஷ்டம் இல்லை. 50 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம் புரதம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், இன்னொரு 7. ஒரு டம்ளர் பாலோ தயிரோ 6. இந்த மூன்றும் சேர்ந்தாலே 60ஐத் தாண்டிவிடும். மீல்மேக்கர் என்று கடையில் கேட்டு வாங்கும் சோயாவில் காய்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம்; 30 கிராம் போட்டால் 15 கிராம். உங்கள் கொங்குப் பக்கத்துச் சமையலிலேயே வேண்டியது இருக்கிறது: கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, மொச்சை. கடைசலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு இல்லாமல் ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள், சோற்றை அந்த அளவுக்குக் குறையுங்கள். அரிசியும் பருப்பும் சாதம் செய்தால் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பாவது இருக்கட்டும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு கொடுக்கும், பருப்பில் குறைவானதை அரிசி கொடுக்கும். இரண்டும் ஒரே வேளையில் வர வேண்டும் என்றுகூட இல்லை, அதே நாளில் வந்தால் போதும். செடிகளின் புரதம் கறிப்புரதம் அளவுக்குச் செரிப்பதில்லை என்பதால் கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே சாப்பிடுவது நல்லது.

எடுத்த எடுப்பிலேயே நாளுக்கு இரண்டு கிண்ணம் பயறு என்று இறங்கினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், ஒரு வாரத்தில் 'இது நமக்கு ஒத்துவராது' என்று பழையபடி போய்விடுவீர்கள். கால் கிண்ணத்தில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஏற்றுங்கள். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் சேர்ப்பதால் எவ்வளவு பலன் என்று அளந்து சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் இல்லை, ருசி கூடும். யூரிக் அமிலம் அதிகமாக உள்ளவர்களைப் பருப்பே தொடாதே என்று பயமுறுத்துவார்கள். காய்கறி, பருப்பிலுள்ள பியூரினால் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) யூரிக் அமில மூட்டுவாதம் கூடியதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. ஈரல், கறி, பீர் இவைதான் அங்கே குற்றவாளிகள். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு மட்டும் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. புரதம், பொட்டாசியம் இரண்டையும் மருத்துவர்தான் அளந்து தர வேண்டும்.

பி12 பற்றி நான் எந்த மென்மையும் காட்ட மாட்டேன். செடி எதிலும் நம்பத்தகுந்த அளவில் பி12 கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் வரும், பழைய சோற்றில் வரும், ஸ்பைருலினா என்ற பாசியில் இருக்கிறது என்றெல்லாம் சுற்றுகிறது. புளிக்கவைத்த உணவில் வருவது நம்பி உட்காரக்கூடிய அளவு இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத வகை. தேவை நாளுக்கு 2 மைக்ரோகிராம் அளவுதான், மிகச் சிறியது. கல்லீரல் அதைச் சில வருடங்களுக்குச் சேமித்தும் வைத்திருக்கும். அங்கேதான் ஏமாற்றம். மாறிய முதல் வருடம் எல்லாம் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் வருடத்தில் பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்கு எரிச்சல், மறதி என்று மெதுவாக வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதே அறிகுறி சர்க்கரையாலும் வரும் என்பதால் 'சுகர்தான் காரணம்' என்று தள்ளிப்போட்டு நரம்பு கெட்டபின் வருபவர்கள் உண்டு. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை தெரியாமல் நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடப்பதும் உண்டு. பால், தயிர், முட்டை தினமும் ஓரளவு எடுத்தால் சமாளிக்கலாம். அவையும் வேண்டாம் என்றால் மாத்திரை கட்டாயம். அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். மாத்திரை எடுப்பதை 'இயற்கைக்கு விரோதம்' என்று நினைத்துத் தவிர்ப்பவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. ரிப்போர்ட்டைக் காட்டுவேன்.

இப்போது ஐந்து பேருக்கு வருகிறேன். உங்களுக்குக் கறியைக் குறைப்பது நல்லது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் அம்மா கதை வேறு. 68 வயதில் பசி குறையும், தசை கரையும். கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் புரதம் நிறைந்திருக்க வேண்டிய வயது அது. மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது என்பது நன்றாகத் தெரிந்த ஒன்று. பல் பிரச்சினை இருந்தால் சுண்டலும் கடிக்க முடியாது. அவரிடமிருந்து முட்டையையும் மீனையும் பிடுங்குவதில் ஒரு லாபமும் எனக்குத் தெரியவில்லை. அவராகவே விரும்பினால் சரி, அப்போது தயிர், பால், கடைசல், கட்டாயம் பி12. மகன் முடிவு செய்தான் என்பதற்காக அம்மா மாறக்கூடாது.

மனைவிக்கு இரும்புச்சத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இத்தனைக்கும் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடும் மாநிலம் இது. அசைவம் சாப்பிடுவதாகச் சொல்லும் வீட்டிலும் பெண்ணின் தட்டுக்கு எத்தனை துண்டு வருகிறது என்பது வேறு கேள்வி. கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். கீரை, பயறு, கேழ்வரகில் உள்ளது அவ்வளவு சுலபமாக ஏறாது. கூட எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் நன்றாக ஏறும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இறங்கிவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்பது நான் தினமும் சொல்லும் வாசகம், தினமும் யாரும் கேட்காத வாசகமும் அதுதான். மாற்றத்துக்கு முன் அவருக்கு ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், சைவம் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

பிள்ளைகள் பாலும் முட்டையும் சாப்பிட்டால், கறி இல்லாமலும் நன்றாக வளர்வார்கள், இதில் பயம் வேண்டாம். முட்டையையும் நிறுத்துவதானால் பயறு, நிலக்கடலை, பால் மூன்றும் தினமும் உள்ளே போக வேண்டும். சிப்ஸும் நூடுல்ஸும் சாப்பிட்டு வளரும் சைவப் பிள்ளையைவிட வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடும் பிள்ளை எவ்வளவோ மேல். மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்புக்கு நம் வழக்கமான சைவச் சாப்பாட்டில் நேரடி மாற்று கிடையாது. ஆளி விதையில் இருப்பது வேறு வடிவம். உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மாற்றிக்கொள்ளும்.

பூமிக்கு வருவோம். 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. 100 கிராம் புரதம் கிடைக்க வெளியாகும் பசுங்குடில் வாயு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில்: கறிக்காகவே வளர்க்கும் மாட்டுக்கு உலகச் சராசரி 50 கிலோ, ஆட்டுக்கு 20, சீஸுக்கு 11, கோழிக்கு 6க்குக் கொஞ்சம் குறைவு, முட்டைக்கு 4, டோஃபு எனப்படும் சோயாப் பனீருக்கு 2, பயறு வகைகளுக்கு ஒன்றுக்கும் கீழே. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் உருவாகும் மீத்தேன்தான் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். வரிசை உறுதியானது. எண்கள் அப்படியே நமக்குப் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அறுவடை முடிந்த காட்டிலும் புறம்போக்கிலும் மேயும் நம் வெள்ளாட்டுக்கும் நியூசிலாந்துப் பண்ணை ஆட்டுக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. மீத்தேன் மட்டும் இரண்டும்தான் விடும்.

அந்த வரிசையில் சீஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? கோழிக்கு மேலே. பனீரும் பாலைத் திரித்துப் பிழிவதுதான். ஒரு கிலோ பனீருக்குச் சுமார் ஐந்து லிட்டர் பால் வேண்டும். சூழலுக்காகக் கோழியை விட்டுப் பனீருக்குப் போகிறேன் என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. நம் நாட்டுப் பாலுக்குப் பின்னால் 2019 கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கு மேல் மாடுகளும் 10 கோடிக்கு மேல் எருமைகளும் நிற்கின்றன. கன்று போட்டால்தான் பால். காளைக் கன்றும், கறவை நின்ற எருமையும் கடைசியில் எங்கே போகின்றன என்பதற்கு, உலகின் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதே பதில். அதில் போவது பெரும்பாலும் எருமைக்கறி. பால் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் வீட்டில் அது தேவை. பாலும் பனீரும் சூழல் கணக்குக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

அரிசியும் வெளியே இல்லை. தண்ணீர் கட்டிய வயலில் காற்றில்லாத சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. பயறு வேறு ரகம். வேரிலேயே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், தண்ணீரும் குறைவாகக் கேட்கும். ஆகவே கறிக்குப் பதிலாகக் கூடுதல் சோறு என்றால் உடம்புக்கும் பூமிக்கும் அரைகுறை லாபம், கறிக்குப் பதிலாகவும் கொஞ்சம் சோற்றுக்குப் பதிலாகவும் பயறு என்றால் இரண்டுக்கும் நல்ல லாபம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் முறையில் நெல் வயலின் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது; அது விவசாயி கையிலும் அரசின் பாசனத் திட்டத்திலும் இருக்கும் விஷயம், உங்கள் தட்டில் இல்லை. பொரிக்கும் எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களிலிருந்து வரும் பாமாயில்தான் பேக்கரிப் பண்டத்திலும் பாக்கெட் நொறுக்குத் தீனியிலும் இருக்கிறது.

நீங்கள் ஒருவர் மாறுவதால் என்ன ஆகும்? இந்தியாவில் ஓர் ஆள் வருடத்துக்குச் சராசரியாகச் சாப்பிடும் இறைச்சி 10 கிலோவுக்கும் குறைவு, அமெரிக்காவில் 100 கிலோவைத் தாண்டும். வாரம் 100 கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கால் கிலோ கறிக்காகக் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து பேர் வீட்டில் மட்டனை மாதம் ஒரு முறையாகக் குறைத்து, வாரத்தில் இரண்டு வேளை கோழி இடத்தில் பயறு வைத்தால், முழுச் சைவத்தில் கிடைக்கும் சூழல் லாபத்தில் பெரும்பங்கு வந்துவிடும். 2019இல் ஈட் லான்செட் என்ற பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு வகுத்த பூமிக்கேற்ற உணவுத் திட்டத்திலும் சிவப்பு இறைச்சி நாளுக்கு 14 கிராம், அதாவது வாரத்துக்கு 100 கிராம் அளவில் இருந்தது. கோழியும் மீனும் முட்டையும் இருந்தன. மீனில் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை எடுங்கள். தீவனம் போட்டு வளர்க்க வேண்டியதில்லை, கூட்டம் கூட்டமாகக் கிடைப்பவை, சத்தும் விலையும் உங்களுக்குச் சாதகம். கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையின்போது மட்டும் அவற்றையும் விட்டுவிடலாம். இன்னொன்று, மீந்ததைக் கொட்டாமல் இருப்பது. உலகில் நுகர்வோர் கைக்கு வரும் உணவில் 2022இல் சுமார் 19 சதவீதம் வீணானது என்று ஐநா சூழல் திட்டம் கணக்கிட்டது, அதில் பாதிக்கு மேல் வீடுகளில்.

ஆக, நீங்கள் ஒருவர் இப்போதே முட்டை, பால் வைத்துக்கொண்டு சைவத்துக்கு மாறலாம், பயறை ஏற்றிச் சோற்றைக் குறைக்கும் நிபந்தனையோடு. வீட்டில் மற்றவர்கள் அவரவர் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும். கல்யாண வீட்டில் இலையில் கறி விழுந்தால் சண்டை போட வேண்டாம். உணவுத் தூய்மை என்ற பேச்சுக்கு நம் ஊரில் ஒரு சாதிக் கசப்பு உண்டு, உடம்புக்காகச் செய்வதை அதில் போய் மாட்டிவிட வேண்டாம். எல்டிஎல்லை இரண்டு மாதத்தில் பார்க்கலாம். எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால் அதற்கு முன் பார்த்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்திருக்கும். இடுப்பளவைக் குறித்து வையுங்கள். பி12 இப்போது ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. எடை தானாகக் குறைந்துகொண்டே போனாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, பாதம் மரத்தாலோ பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அம்மாவின் பி12 பரிசோதனையை இந்த முடிவோடு சேர்க்காதீர்கள். அவர் மீனும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மெட்ஃபார்மினுக்காக அது இந்த மாதமே பார்க்க வேண்டியது.